பாசிர் ரிஸில் ஒற்றைச் சலங்கை

தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு இறங்கினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, பள்ளி விடுமுறை. கோலாலம்பூரிலிருந்து இருநூற்று நாற்பது மைலுக்கு மேல். மூன்றாம் வகுப்புப் பெஞ்சு அத்தனை மைலையும் என் முதுகில் ஏற்றி அனுப்பியிருந்தது. ஊர் பார்க்கும் ஆசையில் நான் சிங்கப்பூர் வரவில்லை. கிள்ளானில் தமிழ்ப் பள்ளி ஆசிரியை நான். இங்கே கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருக்கும் தம்பி ஆறுமுகத்தைக் கையோடு கூட்டி வரச் சொல்லி அம்மா அனுப்பியிருந்தாள். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் கடலுக்கடியில் இறங்குகிறான் என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் பிளாட்பாரத்தின் கோடியிலிருந்து என்னை நோக்கி வந்தான். தூரத்திலேயே தெரிந்துவிடும் நடை. நாலு வயதில் வந்த காய்ச்சல் அவனுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. "அவனுக்கென்ன, ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு" என்பாள் அம்மா, அதோடு முடிந்தது. சப்பாத்து வாங்கினால் வலது பாதத்துக்கு அளவு பார்ப்போம். இடது சப்பாத்தின் நுனியில் அம்மா துணியைச் சுருட்டித் திணித்துவிடுவாள். இருபது வருடமாக அப்படித்தான்.

"வந்துட்டீங்களா அக்கா? அம்மா என்னை இழுத்துட்டு வரச் சொன்னாங்களா?" என்று கேட்டுச் சிரித்தான்.

"பெட்டியை வாங்கு முதல்ல" என்றேன்.

பஃபலோ ரோட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே அவனுடைய அறை. கீழே மசாலா அரைக்கும் நெடி படியேறி வந்து புடவையில் ஒட்டிக்கொள்ளும். நல்ல இடந்தான், குறை சொல்ல வேண்டுமென்று வந்த எனக்கே ஒன்றும் அகப்படவில்லை. காப்பி குடித்துக்கொண்டே அவன் தன் கதையைச் சொன்னான். லியோங் என்ற சீன நண்பர் முக்குளிக்கும் குழு ஒன்று வைத்திருக்கிறார். அடுத்த மாதம் தெற்குத் தீவுகளுக்குப் போகிறார்கள். ஆறுமுகத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும்.

"நீந்தத் தெரியும், மூச்சு விடத் தெரியும். வேற என்னடா?"

"நேராப் படுக்கணும் அக்கா. தரைக்கு ஒரு முழம் மேல, பாய் விரிச்ச மாதிரி. எனக்குக் கால் தூக்கிக்குது, தலை கீழ போகுது. கையை ஊணுறேன். ஊணினா சேறு கிளம்பிடும். பின்னால வர்றவன் ஒண்ணும் தெரியாம தடவிட்டுக் கிடப்பான். சேறு கலக்குறவனைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்னு லியோங் சொல்லிட்டாரு."

முக்குளிக்கும்போது போடும், கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும் ரப்பர் உடுப்பு மிதக்கும் சாமான். அதனால் அந்தக் குழுவில் பலரும் உடம்பைத் தாழ்த்த இடுப்பில் கட்டும் ஈயம் போதாமல் கணுக்காலிலும் கொஞ்சம் ஈயம் கட்டுவார்களாம். இவன் கயிற்றில் கட்டிப் பார்த்திருக்கிறான். கயிறு தோலை அறுத்துவிட்டது. காற்சட்டையைத் தூக்கிக் காட்டினான். வலது கணுக்காலைத்தான் காட்டினான். மற்றதைப் பார்க்க நானும் கேட்கவில்லை.

அங்கேயே இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஞாயிறன்று லியோங் வேண்டாமென்றால் வேலையை விட்டுவிட்டு என்னோடு கிள்ளானுக்கு வருவான். சரியென்றால் அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். அவன் தோற்க வேண்டுமென்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன் என்பதை மறைப்பானேன்? கடல் அவனை என்ன செய்யுமோ என்ற பயம் எனக்கு.

சனிக்கிழமை காலை சிராங்கூன் ரோட்டில் காவடிச் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். கயிறு அறுக்கிறதென்றால் அகலமான பட்டை வேண்டும். காவடி எடுப்பவர்கள் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை கட்டிக்கொண்டு ஆடுகிற சலங்கையைவிடக் காலுக்கு இதமான பட்டை எது? யோசனை என்னுடையதுதான். கடைக்காரர் தோல் மெத்தை வைத்த ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார்.

"தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கேம்மா, தம்பி காவடி எடுக்குதா?"

"கடல்ல எடுக்கிறான்" என்றேன்.

அவர் ஆறுமுகத்தின் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

பிற்பகல் முழுவதும் தையல். மணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கண்ணில் ஒற்றி, பிஸ்கட் டின்னில் போட்டேன். மணி இருந்த இடத்தில் மீன்பிடிக்கும் ஈயக்குண்டுகளை வரிசையாக வைத்துத் தைத்தேன். பிறகு கீழே மளிகைக் கடைத் தராசில் இரண்டையும் வைத்து நிறுத்தேன். ஒரு தட்டு இம்மியளவு தாழ்ந்தது. ஒரு குண்டை மாற்றி மறுபடி நிறுத்தேன். முள் நடுவில் நின்றதும் எனக்கு அப்படி ஒரு திருப்தி. பரீட்சைத் தாளில் முழு மதிப்பெண் போட்ட மாதிரி.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாடகைக் கார். பாசிர் ரிஸ் பத்து மைலுக்கு மேல்; தெம்பனிஸ் சாலையில் ரப்பர் மரங்களும் கோழிப் பண்ணைகளும் வந்தன. ஓட்டுநர் தமிழர்.

"திரும்பி வரச் சவாரி கிடைக்காதுங்க, நாலு வெள்ளி கொடுங்க. அந்தச் சிலிண்டர் வெடிக்காதுல்ல?"

"வெடிச்சா காசு கேக்க நீங்க இருக்க மாட்டீங்க லா" என்றான் ஆறுமுகம். அவர் பாசிர் ரிஸ் வரை கண்ணாடியில் சிலிண்டரையே பார்த்தபடி ஓட்டினார்.

தென்னைகளுக்கு அப்பால் கடல் அசையாமல் கிடந்தது. லியோங் குட்டையான மனிதர். அவருக்குத் தமிழ் தெரியாது; நாங்கள் பேசியதெல்லாம் மலாயில். என்னையும் சம்பான் படகில் ஏற்றிக்கொண்டார். தண்ணீர் வெளுத்த பச்சையாக இருந்தது. பத்தடிக்குக் கீழே தரை தெரியவில்லை.

"சேறு கிளம்பினால் இங்கேயே தெரியும். தேத்தண்ணியில் பால் விட்ட மாதிரி வரும்" என்றார்.

ஆறுமுகம் இரண்டு காலிலும் பட்டையைக் கட்டிக்கொண்டு பின்புறமாகத் தண்ணீரில் விழுந்தான். லியோங் பின்னால் இறங்கினார். படகோட்டியும் நானும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிறிது நேரத்தில் பழுப்பாக ஒன்று கீழிருந்து விரிந்து விரிந்து மேலே வந்தது. நான் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. சந்தோஷம் மட்டும் வரவில்லை.

இருவரும் மேலே வந்து படகின் விளிம்பைப் பிடித்தார்கள். ஆறுமுகம் முகமூடியைக் கழற்றவில்லை. லியோங் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"எதற்கு இரண்டு காலிலும் ஈயம்? வலது கால் தாழ்ந்து சேற்றில் இழுக்கிறது, இடது கால் மேலேயே நிற்கிறது. உடம்பு முறுக்கிக்கொள்கிறது. உன் இடது கால் சூம்பின கால். சதை இல்லை. அதுதான் மிதக்கிறது. அதற்கு மட்டும் ஒன்று போதும்."

கடைத்தெருவில் விலை சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். எங்கள் வீட்டில் இருபது வருடம் யாரும் சொல்லாதது அது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. தம்பியின் முகத்தைப் பார்க்கப் பயந்து, பிறகு பார்த்தேன். முகமூடியைத் தூக்கிவிட்டு அவன் லியோங்கை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவமானப்பட்ட முகமாக அது இல்லை. நெடுநாள் வலிக்கு வைத்தியர் பெயர் சொல்லக் கேட்டவன் முகம் போலிருந்தது.

அவன் படகில் ஏறி உட்கார்ந்து வலது காலை என் பக்கம் நீட்டினான். "அவிழ்த்துடுங்க அக்கா."

"ஒத்தைக் கால்லயா? சலங்கைடா அது. ஜோடியா கட்டுறது" என்றேன்.

"என் கால் ஜோடி இல்லையே அக்கா."

குனிந்து அவிழ்த்தேன். உப்பு நீரில் தோல் இறுகியிருந்தது. பிறகு, அவன் கேட்காமலே, இடது காலை எடுத்து மடியில் வைத்தேன். என் மணிக்கட்டைவிடக் கொஞ்சந்தான் பருமன். பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்கிக் கட்டினேன். அந்தக் காலை அவ்வளவு நேரம் கையில் வைத்துப் பார்த்தது அன்றுதான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். படகோட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அவர்கள் மறுபடி இறங்கினார்கள். குமிழிகள் படகைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டன. நீரோட்டம் பழைய சேற்றைக் கொண்டு போய்விட்டிருந்தது. நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பழுப்பு வருகிறதா என்று பார்த்தேன். இப்போது வரக் கூடாதென்று வேண்டிக்கொண்டேன். முந்தின வேண்டுதலை முருகன் மறந்துவிட வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன். பச்சை பச்சையாகவே இருந்தது.

மேலே வந்ததும் லியோங் என்னிடம் ஒரே வார்த்தை சொன்னார்: "போலே." வரலாம் என்று அர்த்தம்.

திங்கட்கிழமை ரயிலேறினேன். தம்பி சன்னல் ஓரம் நின்று, "அம்மாகிட்ட எப்படிச் சொல்லப் போறீங்க?" என்று கேட்டான். தெரியாது என்றேன். ஜொகூர்ப் பாலத்தில் ரயில் மெதுவாகப் போனது. இரு பக்கமும் கலங்கிய தண்ணீர். சிங்கப்பூரில் நான் அருங்காட்சியகம் பார்க்கவில்லை, பூங்கா பார்க்கவில்லை. வாடகைக் கார் ஓட்டுபவர் முதல் லியோங் வரை அங்கே எல்லோரும் மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். முதலில் அது மரியாதையில்லாத ஊராகத் தோன்றியது. எங்கள் வீட்டில் மரியாதைக்குக் குறைவே இருந்ததில்லை.

கிள்ளானில் அம்மா எனக்குப் பின்னால் தம்பி வருகிறானா என்று எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. நான் பிஸ்கட் டின்னையும் வலது காலுக்குத் தைத்த பட்டையையும் அவள் மடியில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். மணிகளைக் கையால் அளைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு எங்க?"

"அவன் கால்லம்மா."

"எந்தக் கால்ல?"

"இடது கால்ல. அது சூம்பின கால், தண்ணியில தூக்கிக்குது. அதுக்கு மட்டுந்தான் கட்டணும்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பட்டையைத் தூக்கிக் கையில் எடை பார்த்தாள்.

"இவ்வளவு கனத்தை அந்தக் கால் தாங்குமா?"

"தண்ணிக்குள்ள கனமில்லம்மா. நேராப் படுத்துப் போறான்."

அவள் டின்னை மூடினாள். எழுந்து அடுப்படி வரை போய், அங்கிருந்தபடியே சொன்னாள்:

"அவனுக்கு எழுதும்போது, இடது பாதத்தையும் காகிதத்துல வச்சு வரைஞ்சு அனுப்பச் சொல்லு. இனிமே அதுக்கும் அளவு பார்த்தே சப்பாத்து வாங்குவோம்."