பிணமாக நடித்தவரின் சிரிப்பு

கையில் காசில்லாமல் எடுத்த எங்கள் படத்தில் பிணமாக நடித்தவர் ஆரணியில் பட்டு நெய்கிறவர். ஒட்டிய கன்னம், குழிவிழுந்த கண். மேக்கப் செலவு மிச்சம் என்றார் டைரக்டர். நான் உதவி இயக்குநர்.

படுத்திருந்தாலும் தறி மிதிப்பதுபோல் அவர் கால்கள் அசையும். பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியும் அசைந்தன. அதிலேயே பிலிம் நிறைய வீணானது.

ஒருவழியாகக் காட்சி முடிந்தும் அவர் பாடையைவிட்டு எழவில்லை.

“பொணமா நடிச்சா, கடைசில சிரிக்கிறதையும் எடுப்பாங்களாமே சார்? இல்லன்னா உயிருக்கு ஆவாதாம். வூட்ல பயந்துகினு இருக்காங்க.”

பிலிம் தீர்ந்துபோயிருந்தது. டைரக்டர் கண்ணைக் காட்ட, கேமராமேன் வெறும் கேமராவை ஓட்டினார். நெசவாளர் எழுந்து உட்கார்ந்து, வெற்றிலைக் காவிப் பற்கள் தெரியச் சிரித்தார். சுற்றி நின்ற எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

படம் நூறு நாள் ஓடியது. விழாவுக்காக ஆரணி தியேட்டருக்குப் போயிருந்தபோது, வெறும் நெற்றியோடு ஓர் அம்மா என்னிடம் வந்தார்.

“பொணமா நடிச்சாரே, அவரு சம்சாரம் நானு. ஆடியில தவறிட்டாரு. எத்தினி தபா பாத்தாலும் பொணமாவேதான் கீறாரு சார். சிரிச்சேன்னு சொன்னாரே, அது எப்ப வரும்?”