வருடம் திரும்பும் முன் மலையேறிய தவமணி அக்கா

தவமணி அக்கா போய்விட்டார் என்ற செய்தி, இந்த ஊர் விமான நிலையத்தை ஒட்டிய மங்கரேயில், அலுவலக வாசலில் நான் காரை நிறுத்திக்கொண்டிருந்தபோது வந்தது. போனில் கூப்பிட்டவர் எங்கள் இருவருக்கும் தெரிந்த ஓர் அம்மாள். "தவமணி தவறிட்டாங்களாம்" என்று அழுதார். நானும் அழுதேன். மூக்கைத் துடைப்பதற்குள் அடுத்த பேச்சு வந்துவிட்டது. "வருஷம் திரும்பறதுக்குள்ள மலை ஏறாதீங்கன்னு அப்பவே சொன்னோம். கேட்டாங்களா?"

அந்தப் பேச்சுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அக்காவை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஓராண்டு மலையேறக்கூடாது என்பது நம்மில் பலர் வீட்டு வழக்கம். அக்காவின் கணவர் போன வருடக் கடைசியில் இறந்தார். மூன்று மாதம் கழித்து அக்கா வியட்நாமின் மலைநகரமான டா லாட்டுக்கு ஒரு வார இறுதியில் போய்வந்தார். கூடப் போனவள் நான். இப்போது அக்காவும் இல்லை. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசுவதற்கு ஊருக்குச் சொல்லியா தரவேண்டும்?

விமானச் சரக்கு அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசை அவருடையது. பிறந்தது மலேசியாவில், ஈப்போவில். திருச்சியிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் பெயரைக் கேட்கும் முன்பே "பசியாறியாச்சா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் தன் ரொட்டியில் பாதியை என் பக்கம் தள்ளினார். வெளிநாட்டிலிருந்து வரும் பூப்பெட்டிகளுக்குச் சுங்க அனுமதி வாங்குவது அவர் வேலை. சாமந்திப் பெட்டிகளின் மேல் டா லாட் என்று அச்சிட்டிருக்கும். "ஒரு நாளு இந்த ஊர நேர்ல பாக்கணும் லா" என்று மலேசிய 'லா' போட்டுச் சொல்வார். கணவருக்கோ விமானம் என்றாலே ஆகாது. "அவரு போவாதேன்னும் சொல்லமாட்டாரு, கூட வரவும் மாட்டாரு. நல்ல மனுசன்" என்று சிரிப்பார்.

அந்த நல்ல மனிதரின் அஸ்தியை எடுத்துக்கொண்டு அக்கா ஈப்போ போகவேண்டி வந்தது. அதே சமயம் நானும் ஊருக்குப் போய்க் கோலாலம்பூர் வழியாகத் திரும்புவதாக இருந்தேன். மதியச் சாப்பாட்டு வேளையில் கைபேசியை என் முன் நீட்டினார். "கேஎல்லேர்ந்து ரெண்டு மணி நேரந்தான். வெள்ளிக்கெழம போயி ஞாயித்துக்கெழம திரும்பிடலாம். வரியா?"

நான் இழுத்தேன். "அக்கா, அது மலை மேல இருக்குற ஊராச்சே..."

"நீ காய்கறி வாங்குறது எங்க? மவுண்ட் ராஸ்கில்லதானே? அதுவும் மலதான். எரிமல வேற."

எங்கள் ஊரில் இந்தியக் கடைகள் நிறைந்த அந்தப் பேட்டை, அணைந்துபோன எரிமலை ஒன்றின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. திட்டம் போட உட்கார்ந்துவிட்டோம். சுற்றுலாக் கம்பெனி வேண்டவே வேண்டாம் என்றார். "ரெண்டு நாளுல இருவது எடம் காட்டுவான், ஒன்னையும் பாக்க விடமாட்டான். நமக்கு ஒரு பூந்தோட்டம், ஒரு சந்த, நல்ல தூக்கம். போதும் லா."

டிக்கெட் போட உட்கார்ந்த நேரத்தில் ஈப்போவிலிருந்து அவர் நாத்தனார் கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணி, அண்ணன் போயி வருசம் ஆவல. ஊரு என்னா சொல்லும்?"

"சொல்றத நீ கேட்டு வை. நான் வந்து கேட்டுக்கறேன்."

"பவித்ராவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

பவித்ரா அக்காவின் ஒரே மகள். அக்காவின் முகம் சட்டென்று இறுகிவிட்டது. பிறகு, "ஒரு டிக்கெட்டுக்காக எம் மவள எந்தச் சாமியாச்சும் பழி வாங்கும்னா, அந்தச் சாமிகிட்ட நானே பேசிக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார். கை நடுங்கியது. நடுங்கிய கையாலேயே பணம் கட்டும் பொத்தானை அழுத்தினார். திமிரில் போனார் என்கிறீர்களே, அந்தக் கையை நீங்கள் பார்க்கவில்லை.

டா லாட்டில் நல்ல குளிர். சந்தைப் படிகளில் எனக்கு முன்னால் ஏறிப்போய், மேலே நின்றுகொண்டு என்னைக் கேலி செய்தார். தோட்டத்தில் சாமந்தி வரிசை வரிசையாக நின்றது. இங்கே நம் கைக்கு வருகிற பூக்கள், இந்த நாட்டுச் சட்டப்படி மண்ணில் வேர்விடாதபடி மருந்தில் முக்கி அனுப்பப்பட்டவை. அக்கா குனிந்து ஒரு செடியின் அடியைத் தொட்டுப் பார்த்தார். "உசுரோட இருக்குது பாரு" என்றார்.

சாயங்காலம் தெருவோரக் கடையில் சூடான சோயா பால் குடித்தோம். ஈப்போவில் கிடைப்பதற்கு இது உறை போடக் காணாது என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது கோப்பையும் வாங்கினார். பாதி குடித்தவர், "மூணு மாசமா எல்லாரும் என்னென்ன கூடாதுன்னுதான் சொன்னாங்க. பசியாறினியான்னு ஒரு ஆளு கேக்கல" என்றார். அப்படியே உடைந்து அழுதார். கணவருக்காக அவர் வாய்விட்டு அழுது நான் பார்த்தது அங்கேதான். முறை சொன்ன அத்தனை பேரும் அழுவதற்கு அவருக்கு இடம் விடவில்லை.

திரும்பி வந்து மாதக்கணக்கில் வேலைக்கு வந்தார். பிறகு ஒரு காலை மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. பிறவியிலேயே இருந்த பலவீனம், எங்கே இருந்திருந்தாலும் நடந்திருக்கும் என்று பவித்ராவுக்கு டாக்டர் எடுத்துச் சொன்னார். டாக்டர் ஒரு முறை சொன்னார். நீங்கள் பதினாறு நாளும் மலையேறியதைத்தான் சொன்னீர்கள்.

அக்காவின் பிளாக்ஹவுஸ் பே வீட்டில் கருமாதியன்று பவித்ரா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள். தோழிகளுடன் டொங்காரிரோ மலைப்பாதையில் நடக்க அவள் முன்பே பதிவு செய்திருந்தாள். அவளுக்கும் ஒரு வருடம் ஆகாது என்று யாரோ சொல்ல, ரத்து செய்துவிட்டாளாம். அது போகட்டும். அடுத்து அவள் கேட்டதுதான் என்னைக் கொன்றது. "ஆன்ட்டி, ஐ ட்ரோவ் ஹெர் டு தி ஏர்போர்ட். வாஸ் இட் மீ?"

அம்மாவைக் காரில் கொண்டுபோய் விமானம் ஏற்றிவிட்டது அவள். அதனால் அம்மாவைக் கொன்றது தானோ என்று கேட்கிறாள்! பெற்றவளைப் பறிகொடுத்து நிற்கும் பெண்ணிடம் அந்தப் பேச்சைப் பேச உங்களுக்கு எப்படி நாக்கு வந்தது?

"இல்லடா கண்ணு. உங்கம்மா ஆசைப்பட்ட இடத்துக்கு நீ சிரிச்சிக்கிட்டே அனுப்பி வச்ச. நீ செஞ்சது அவ்வளவுதான்" என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள்.

தவமணி அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். பயம் போகட்டும் என்று காத்திருக்காமல், பயந்துகொண்டே கிளம்பிவிடுவது. பவித்ரா மறுபடி பதிவு செய்துவிட்டாள். அடுத்த மாதம் நானும் அவளுடன் மலையேறுகிறேன். கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி நடந்து பழக்கமில்லாதவள் நான், முழங்கால் வேறு வலிக்கிறது. எங்களைத் தடுக்க நினைப்பவர்கள் நல்ல பூட்ஸாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். மேலே போய்ப் பேசிக்கொள்ளலாம்.