எட்டிப்பார் அக்கா

திரையில் ஓடும் எண்களை முணுமுணுத்தபடியே தேநீரைக் குடிக்கிறார் அக்கா. ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. "வயசு எழுபது, நெஞ்சு வலி, கிழக்கே... வயசு முப்பத்திரண்டு, பிரசவ வலி... யம்மா, சீக்கிரம் போங்கப்பா!"

ஆம்புலன்ஸ் நிறுவனத்தின் தகவல்களைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸைக் கண்காணிப்பது அவர் வேலை. அது இருப்பதோ எங்கோ தொலைவில், இணையம் வழியே எட்டும் கிளவுடில். எந்த வண்டியை அனுப்புவது என்று முடிவு செய்ய அதற்குள் ஒரு செயல்முறையை எழுதி வைத்திருக்கிறார்கள். வயது, நோய், இடம் என்று அதற்குள் போகும் விவரங்களுக்குப் பராமீட்டர் என்று பெயர். ஆட்களின் பெயர் தெரியாது.

செயல்முறை ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். இவரோ உள்ளே என்ன போகிறது என்றும் பார்ப்பார். கடை வரிசையில் நின்றாலும் முன்னால் நிற்பவர் கூடைக்குள் கண் போய்விடும். "ஊர் வம்பு உனக்கெதுக்கு?" என்று கணவர் தலையில் அடித்துக்கொள்வார். "தெரிஞ்சுக்கலைன்னா எனக்குத் தலை வெடிச்சிரும்" என்பார் இவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அலுவலகத்தில் அவர் 'எட்டிப்பார் அக்கா'.

அன்று அழைப்பு எடுக்கும் பெண்களுக்கு விவரங்களைப் பதியப் புதிய திரை கொடுத்திருந்தார்கள். எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. மதியம் அக்கா நெற்றியைச் சுருக்கினார்.

"ஏம்ப்பா, இன்னிக்குக் கைக்குழந்தைங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலையா?"

"நல்லதுதானேக்கா" என்றான் பக்கத்து நாற்காலிக்காரன்.

"நல்லதுதான். ஆனா நம்புற மாதிரி இல்லையே."

ஒரு வயது ஆகாத குழந்தை என்றால் வயதுக் கட்டத்தில் பூஜ்யம் வரும்; தினமும் அது தலைகாட்டும். அன்று ஒன்றுகூட இல்லை. எழுந்து அடுத்த அறைக்குப் போனார். "பச்சைக் குழந்தைக்கு வண்டி அனுப்புனியாம்மா?"

"இப்பதான்க்கா. ஆறு மாசம். மூச்சுவிட முடியலையாம்" என்றாள் அழைப்பு எடுத்த பெண்.

அக்காவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. அந்த அழைப்பு அவர் திரையில் 'வயது ஆறு' என்றே வந்திருந்தது. புதிய திரை மாதத்தை வருடமாக்கி அனுப்புகிறது! அதை நம்பி, கைக்குழந்தைக்கான ஆக்ஸிஜன் மாஸ்க் இல்லாத சாதாரண வண்டி கிளம்பியிருக்கிறது.

"குழந்தைங்க வண்டியையும் அனுப்பு! இப்பவே!"

மேலாளர் ஓடிவந்து புதிய திரையை நிறுத்தச் சொன்னார். காலையில் வண்டி அனுப்பிய மற்ற குழந்தைகளைப் பற்றி விசாரித்தார்கள், நல்லவேளை, யாருக்கும் ஆபத்தில்லை. இந்த ஒன்றைப் பற்றித்தான் தகவல் இல்லை. அக்கா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

ஒருவழியாக இரண்டாவது வண்டியிலிருந்து அழைப்பு வந்தது. கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் முகம் மலர்ந்தது. ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள். "நீங்களே கேளுங்கக்கா."

அதுவரை எண்களாக மட்டுமே தெரிந்தவர்களில் ஒரு குழந்தை, ஆணோ பெண்ணோ, மூச்சு திரும்பி வண்டிக்குள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அக்கா கண்ணை மூடி, மறு காதைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டார்.