குன்றத்துச் சாமி பேரு

சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டில் எனக்குக் களப்பணிக்கென்று மதுரைக்குத் தெற்கே ஒரு போலீஸ் ஸ்டேஷனை ஒதுக்கினார்கள். புருஷனிடம் அடிபட்டு வரும் பெண்களின் புகாரைப் போலீஸ் எப்படி நடத்துகிறது, அதை எப்படிச் சீர்படுத்தலாம் என்று நான் அறிக்கை எழுத வேண்டும். மனைவியைக் கொடுமைப்படுத்தினால் ஜெயில் என்று புதுச் சட்டம் வந்திருந்த சமயம். மனு எழுதும் ரைட்டர் ஏட்டுக்கு அதைப் பற்றி ஒரே ஒரு கருத்துதான். "அதெல்லாம் டெல்லிக்குப் பாப்பா. இங்க எல்லாம் குடும்பத் தகராறுதான்."

ஒரு மாதம் ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்து நான் கண்டதும் அதுதான். உதடு கிழிந்து வந்தவளுக்கும் பல் உடைந்து வந்தவளுக்கும் ஒரே மருந்து: "சமாதானமாப் போம்மா." அதையே அறிக்கையில் எத்தனை தடவை எழுதுவது? எனக்குச் சலித்துவிட்டது.

ஒருநாள் காலையில் அவனியாபுரத்திலிருந்து என் வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. உலக்கையடி. ஏற்கெனவே இரண்டு தடவை இதே ஸ்டேஷனில் சமாதானம் பேசி அனுப்பியிருக்கிறார்கள்.

"இந்தத் தடவ கேஸாப் போட்ருங்கய்யா. இல்லேன்னா அடுத்து என் மண்டதான்" என்றாள்.

ரைட்டர் பேனாவைத் திறந்தார். "புருஷன் பேரு?"

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"பேரச் சொன்னாத்தானே எழுத முடியும்?"

"அவுக பேர நான் எப்பிடிய்யா சொல்ல? குன்றத்துச் சாமி பேருதான்."

திருப்பரங்குன்றத்துச் சாமிக்கு ஒரு பேரா, ரெண்டு பேரா! ரைட்டருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "முருகனா? கந்தனா? வேலா?" வாசலில் பாரா நின்ற போலீஸ்காரரும் உள்ளே எட்டிப் பார்த்து, "குமரனான்னு கேளுங்கண்ணே" என்றார். கை ஒடிந்து நிற்பவளை வைத்து விடுகதை போட்டுக்கொண்டிருந்தார்கள், படுபாவிகள். அவள் மேலும் எனக்கு எரிச்சல்தான். கையை ஒடித்தவனுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? பொறுமை போய் நானும் ஒரு பெயரைச் சொன்னேன். அவள் வெடுக்கென்று தலையைக் குனிந்தாள். ஆமாம் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, "எழுதுங்க ஏட்டய்யா" என்று அதட்டினேன். படித்த திமிர், வேறென்ன?

மத்தியானம் அந்தப் பெயருக்குரிய ஆளைக் கூட்டிவந்தார்கள். வந்தது அவளுடைய கொழுந்தன். அந்த வீட்டில் அண்ணன் தம்பி எல்லோருக்கும் அதே சாமி பெயர்தான்.

"அது கொழுந்தனாரு பேருக்கா. கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு" என்று முணுமுணுத்தாள். எனக்கு முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

தம்பிக்குப் பின்னாலேயே புருஷனும் வந்து நின்றான். உலக்கையால் அடித்தாயா என்று நான் கேட்டதற்கு, "குடும்பம்னா அப்பிடி இப்பிடித்தாங்க இருக்கும்" என்று சிரித்தான்.

ரைட்டர் மனுவை நான்காக மடித்தார். "ஆளே தப்பு, மனுவும் தப்பு. புருஷன் பேரச் சொல்லக் கூசுறவ கோர்ட்டுல வந்து என்னத்தச் சொல்லப் போற? பேசாம வீட்டுக்குப் போம்மா."

"வாடி" என்று புருஷன் அவளுடைய கட்டுப் போட்ட கையைப் பிடித்து இழுத்தான்.

அவள் அலறினாள். கையை உதறி விடுவித்துக்கொண்டு, அந்த அலறலோடு அலறலாக அவன் பெயரைச் சொன்னாள். இனிஷியல், தகப்பன் பெயர், தெரு எல்லாம் சேர்த்து, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எம் பேரையா சொன்ன?" என்றான் அவன். உலக்கையைப் பற்றிக் கேட்டபோது சிரித்த முகம் இப்போதுதான் கறுத்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

ரைட்டருக்கு வேறு வழியில்லை. புதுத்தாளை எடுத்தார். ஆனாலும் ஆசை விடவில்லை. "அந்தப் பேருல வர்றது சின்ன ர-வா, பெரிய ற-வா? தப்பா எழுதினா கேஸ் நிக்காது, பாத்துக்க."

அவள் புருஷனைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"எதப் போட்டாலும் இவன்தான்."