அம்மாவின் நோயாளி அல்லாதவர்கள்

உங்கள் அம்மா முறையாகப் படித்த தாதி. இருந்தும் யாராவது தலையிடிக்கு ஒரு குளிசை கேட்டால், "டொக்டரிட்டைப் போங்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அம்மாவுக்கு இரக்கமே இல்லையா என்று போன கிழமை பெரியவள் கேட்டாள். இரக்கம் கூடிப்போய் வந்த வினைதான் அது, மகள். தொண்ணூறுகளில், நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நடந்தது. உங்கள் அப்பா நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இராது.

அப்போது நாங்கள் இதே பலெர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் ஸ்ரேசனுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தோம். நான் மாடிக் கட்டடங்களில் படிக்கட்டுத் துடைத்தேன். அம்மா கன்னியாஸ்திரிகள் நடத்திய முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தார். நம் சனம் முழுக்கச் சின்யோராக்கள் என்கிற இத்தாலிய வீட்டுக்கார அம்மாமாரின் வீடுகளில் சமைக்கவும் துடைக்கவும் போன காலத்தில், ஊர்ச் சான்றிதழை இங்கே ஏற்கச் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வேலைக்குப் போனவர் அவர் ஒருவர்தான். காலையும் மாலையும் அந்த இல்லத்தின் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். இங்கே தங்கியிருக்க நம் நாலு பேருக்கும் கிடைத்த பெர்மெஸ்ஸோ என்கிற அனுமதியும் அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உடம்புக்கு வருத்தம் என்று சொல்லிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். ஞாயிறு பூசை முடிய, "சும்மா ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனாங்கள்" என்று, கையில் கொஞ்சம் மீனோ கத்தரிக்காயோ கொண்டு வருவார்கள். தேத்தண்ணி குடிப்பார்கள். பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் வரிசையில் நின்ற கதை, சின்யோராவின் நாய்க்கு இறைச்சி அவித்த கதை எல்லாம் கதைப்பார்கள். பிறகு எழும்பி, சப்பாத்துப் போட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான், "ஓ, தங்கச்சி, சொல்ல மறந்துபோனன்" என்று வருத்தம் வெளியே வரும். உண்மையிலேயே மறந்துபோன ஒருவர்கூட நம் வீட்டுக்கு வந்ததில்லை. நான் வேலை முடிந்து படியேறி வந்தால், நம் வாசலில் யாரோ ஒருவர் சேட்டைத் தூக்கி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

மருந்து எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கொழும்பிலிருந்து வருகிற ஒவ்வொரு சூட்கேசிலும் மிளகாய்த்தூளுக்கு நடுவே குளிசை அட்டைகள் வரும். மிஞ்சியதை எறிய மனமில்லாமல் எல்லாரும் அம்மாவிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். பெரிய பிஸ்கற் பெட்டி ஒன்று நிரம்பிக் கிடந்தது. ஒருவருடைய மிச்சம் அடுத்தவருக்கு வைத்தியம். அம்மா கவனமானவர். திகதி பார்ப்பார், நாலு கேள்வி கேட்பார், பிறகுதான் கொடுப்பார். நான் அதைப் பெரிய புண்ணியம் என்று நினைத்து, வாசலில் ஒரு கதிரையும் போட்டு வைத்திருந்தேன்.

மன்னார் அண்ணர் என்று நாங்கள் கூப்பிடுகிற ஒருவர் இருந்தார். பொலிதேயாமாப் பக்கம் ஒரு சின்யோரா வீட்டில் சமையல். நாள் முழுக்க நின்று நின்று கால் இரண்டும் வீங்கிவிட்டன. அம்மா நீர் போகிற குளிசை ஒரு அட்டை கொடுத்து, காலையில் அரைவாசி மட்டும் போடச் சொன்னார். வீக்கம் வற்றியது. மனிதர் அந்தக் காலை ஊரெல்லாம் காட்டினார். கோயிலில் நற்கருணை வாங்கப் போகிற வரிசையில்கூடக் காற்சட்டையை உயர்த்தி, பின்னால் நின்றவருக்குக் காட்டினார்.

காட்டியதோடு நின்றிருக்கலாம். அவருடைய சின்யோராவுக்கும் கால் வீக்கம். "எங்கடை தொத்தொரெஸ்ஸா தந்தது" என்று மிச்ச அட்டையை அவரிடம் நீட்டினார். தொத்தொரெஸ்ஸா என்றால் இங்கே டொக்டர் அம்மா. சின்யோரா பருத்த மனுசி. இந்த ஒல்லிக்கு அரைவாசி என்றால் தனக்கு இரண்டு வேண்டும் என்று தானே கணக்குப் போட்டு விழுங்கினார். அன்று பின்னேரம் மகளைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வந்திருந்தார்கள். முதல் கோப்பைச் சாப்பாடு வருவதற்குள் சின்யோரா எழும்பிக் கக்கூசுக்கு ஓடினார். வந்து இருந்தார், திரும்ப எழும்பினார். மாப்பிள்ளையின் தாய், தான் வாயைத் திறக்கிற நேரமெல்லாம் இந்த மனுசி எழும்பிப் போகிறாளே என்று கோபித்துக்கொண்டார். மீன் வந்த நேரம் சின்யோரா நடையில் தலை சுற்றித் தரையில் இருந்துவிட்டார்.

குடும்ப டொக்டர் ஓடிவந்தார். சின்யோராவுக்கு ஏற்கெனவே பிறஷருக்குக் குளிசை கொடுத்து வருபவர் அவர். இது யார் தந்தது என்று கேட்டதும், மன்னார் அண்ணர் அம்மாவின் பெயரையும் வேலை செய்கிற இடத்தையும் பெருமையாகச் சொன்னார். அந்த இல்லத்துக்கு வந்து போகிற டொக்டரும் அவரேதான்.

மறுநாள் தலைமைச் சுவோரா அம்மாவைக் கூப்பிட்டார். சுவோரா என்றால் கன்னியாஸ்திரி. இல்லத்து மருந்து அலுமாரியில் இருந்து எடுத்தாயா என்பதுதான் முதல் கேள்வி. அட்டையில் கொழும்பு என்று அடித்திருந்ததால் களவு இல்லை என்று தெளிவாயிற்று. "களவு என்றால் மருந்து மட்டும் போயிருக்கும். இதில் ஒரு உயிர் போயிருக்கும்" என்றார் சுவோரா. திங்கட்கிழமை டொக்டரோடு இருந்து முடிவெடுப்பதாகவும், தாதிகள் சங்கத்துக்கு எழுதினால் அம்மாவின் பெயரையே பதிவிலிருந்து வெட்டலாம் என்றும் சொன்னார். அதுவரை வண்டியைத் தொடக்கூடாது.

நான் மன்னார் அண்ணரிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"என்ன வேலையண்ணை பாத்தனீங்கள்? இவவின்ரை வேலை போகப்போகுது."

"நீர் பேசாமல் இரும் தம்பி. நாங்கள் வந்து சாட்சி சொல்லுறம்."

நம் ஊரில் ஒருவருக்கு அரசாங்கக் கச்சேரியில் பிரச்சினை என்றால், நாலு பேர் வெளுத்த வேட்டியோடு போய், இவர் நல்லவர் என்று சொல்வது வழக்கம். பலெர்மோவிலும் அது பலிக்கும் என்று நம்பினார்கள். திங்கட்கிழமை நானும் அம்மாவும் இல்லத்துக்குப் போனால், பூசைக்கு வருகிற சனம் அரைவாசி, ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு கூடத்தில் இருக்கிறது. ஒரு அக்கா தட்டு நிறையப் பற்றிஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தார்.

சுவோரா கெட்டவர் அல்ல. தப்பிக்க ஒரு வழி வைத்துத்தான் கேட்டார்: "இந்த மனிதருக்கு மட்டும், தெரியாமல், ஒரே ஒருமுறை கொடுத்துவிட்டாய். அப்படித்தானே?"

அம்மா வாய் திறக்கும் முன் மன்னார் அண்ணர் எழும்பிவிட்டார். சமையலறையில் பழகிய சிசிலிப் பாஷையில் அவர் முழங்கியது இதுதான்: ஒருமுறையா? எத்தனை வருஷமாக! இந்தப் பிள்ளை எங்கள் எல்லாருக்கும் கொடுக்கிறாள்!

பிறகு ஒவ்வொருவராக எழும்பினார்கள். ஒருவர் பிறஷர் என்றார். ஒருவர் மகனுடைய இருமல் என்றார். ஒருவர் சாட்சிக்குச் சேட்டையே தூக்கினார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அண்ணை, உங்களைக் கும்பிட்டன், இருங்கோ" என்றார் அம்மா தமிழில்.

"பயப்பிடாதை தங்கச்சி. இன்னும் ஆக்கள் வெளியிலை நிக்கினம்."

சுவோரா அம்மாவைப் பார்த்தார். "இவர்களில் யார் உன் நோயாளி?"

"ஒருவரும் இல்லை, சுவோரா."

"இவர்களில் யாருக்கு டொக்டர் இருக்கிறார்?"

நான் மொழிபெயர்த்தேன். ஒரு கையும் உயரவில்லை. "இவ இருக்கேக்கை எங்களுக்கு ஏன் டொக்டர்?" என்றார் பற்றிஸ் அக்கா. சுகாதார அட்டை எல்லாரிடமும் இருந்தது. அதைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு, குவெஸ்தூராவில் காட்டுகிற கடதாசிகளோடு பத்திரமாக வைத்திருந்தார்கள். அந்த அட்டைக்கு ஒரு டொக்டர் உண்டு என்று யாரும் நினைக்கவில்லை.

டொக்டர் அந்த அக்காவிடம் என்ன வருத்தம் என்று கேட்டார். சீனி வருத்தம். கடைசியாக எப்போது இரத்தம் பார்த்தது? "இவ என்ரை முகத்தைப் பாத்தே சொல்லுவா" என்றார் அக்கா. டொக்டர் அங்கேயே விரலில் குத்திப் பார்த்தார். பார்த்துவிட்டு நேரே போனடிக்குப் போய், ஆஸ்பத்திரிக்குச் சொன்னார். பற்றிஸ் தட்டு மேசையில் இருக்க, அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அம்மா அழுதார். "நான் கேள்வி கேட்டன். ஒருநாளும் சோதிச்சுப் பாக்கேல்லை. சோதிக்க என்னட்டை என்ன இருந்தது?" என்று என்னிடம் சொன்னார். பிறகு அதையே இத்தாலியனில் சுவோராவிடமும் சொன்னார். யார்மேலும் குற்றம் சாட்டவில்லை.

அதைச் சொன்னதால்தான் வேலை தப்பியது என்று நினைக்கிறேன். சங்கத்துக்கு எழுதவில்லை. ஆனால் எச்சரிக்கை பதிந்தார்கள், சம்பளத்தைக் குறைத்தார்கள், வண்டியை வேறொருவரிடம் கொடுத்தார்கள். அம்மாவுக்குக் கட்டில் விரிப்பதும் கிழவிகளைக் குளிப்பாட்டுவதும் மட்டும். பிஸ்கற் பெட்டியைச் சுவோரா வாங்கிக்கொண்டார். அந்தச் சனம் முழுவதையும் ஆளுக்கொரு டொக்டரிடம் பதிய வைப்பதும் எங்கள் பொறுப்பாயிற்று.

பதிந்தால் போதுமா? யார் கதைப்பது? நான்தான். வியா மக்வேதாத் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு டொக்டரிடம், எனக்குத் தமிழிலேயே சொல்ல வெட்கமான வருத்தங்களை எல்லாம் இத்தாலியனில் சொன்னேன். "அதை நீர் பாத்து நாகரிகமாய்ச் சொல்லும் தம்பி" என்பார் ஒரு அக்கா, சுவரைப் பார்த்துக்கொண்டு. நானும் மற்றச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வேன். டொக்டருக்குப் பார்க்க ஆளில்லாமல் போகும். பற்றிஸ் அக்கா ஆஸ்பத்திரியால் வந்து ஊசி போடப் பழகி, இப்போது எல்லாருக்கும் சீனியைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

அடுத்த வருஷம் ஒரு நாள் அம்மா கட்டில் விரித்துக்கொண்டிருக்க, தலைமைச் சுவோரா முழங்காலைப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"இந்த முழங்கால் நித்திரை கொள்ள விடுகிறதில்லை. உனக்குத் தெரிந்த நல்ல குளிசை ஏதும் உண்டா?"

அம்மாவுக்கு நாக்கு நுனிவரை ஒரு பெயர் வந்ததாம். விழுங்கிவிட்டார். "மன்னியுங்கள் சுவோரா. நீங்கள் என் நோயாளி இல்லை. டொக்டரிடம் கேளுங்கள்."

சுவோரா பையிலிருந்து மருந்து வண்டிப் பூட்டின் திறப்பை எடுத்துக் கட்டிலில் வைத்தார். அது பரீட்சையா, உண்மையான வலியா என்று அம்மாவுக்கு இன்றும் தெரியாது. திரும்பிப் போகும்போது சுவோரா நொண்டிக்கொண்டுதான் போனாராம்.