நாலாம் நம்பர் கண்டுபிடித்த வழி

இரும்புலியூர் ஜெயவேலுவை ஒரு மாதிரியான ஆள் என்பார்கள். தப்பில்லை. அப்பாவின் நெல்வயல் மனை மனையாக விலைபோய்ப் பங்காளிகள் எல்லாம் மாடி கட்டிக்கொண்டிருந்தபோது, இவன் தாம்பரம் பக்கத்தில் ஒரு இன்ஜினீயரிங் காலேஜின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனான். லீவு நாளிலும் அங்கேயே கிடந்தான். என்னதான் செய்தான்? ஒரே ஒரு செஸ் ஆட்டத்தை எட்டு வருஷமாக ஆடிக்கொண்டிருந்தான்.

அது எண்பத்து நாலில் அண்ணன் ராஜகோபாலோடு தொடங்கிய ஆட்டம். பம்மலில் அண்ணன் வேலை பார்த்த தோல் கம்பெனியை மூடி ஒரு வாரம் ஆகியிருந்தது. பலகையிலும் அவன் தோற்கிற நிலைதான். ஜெயவேலு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “வேல இல்லாதவனுக்கு வெளையாட்டு ஒரு கேடா?” என்றான். ராஜகோபால் சிரித்தான். “மீதி நாளிக்கு. ஆறே மூவ்ல உன் ராஜா காலி, பாத்துகினே இரு.” மறுநாள் காலையில் தண்டவாளத்தைக் கடக்கும்போது மின்சார ரயில் அடித்துவிட்டது.

தானாகப் போய் விழுந்தான் என்றது ஊர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஜெயவேலுவுக்கோ அது தன் நாக்கு செய்த கொலையாகவே பட்டது. பிடித்துக்கொள்ள ஒன்றுதான் மிச்சம். ஆறு மூவில் ஜெயிக்க வழி நிஜமாகவே இருந்தால், அண்ணன் திரும்பி வந்து ஆடத்தான் நினைத்திருக்கிறான். இல்லையென்றால், அது சாகப் போகிறவன் சொல்லிவிட்டுப் போன சமாதானம். காய்கள் நின்ற இடங்களைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டு ஆடி ஆடிப் பார்த்தான், வழி அகப்படவில்லை. அண்ணி கன்னியம்மாவின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். அவள் போடும் சோற்றைத் தலை குனிந்து தின்றுவிட்டு எழுந்துவிடுவான்.

தொண்ணூற்றிரண்டில் காலேஜுக்கு நாலு ப்ராசஸர் கொண்ட கம்ப்யூட்டர் வந்தது. ஒரு மூளை இருக்கிற இடத்தில் நாலு. ஜெயவேலு அதற்கு ஒரு செஸ் ப்ரோகிராம் எழுதினான். அதிலும் கல்யாண வீட்டு வழக்கம்தான். மூத்தவனுக்கு முடிந்தால்தான் இளையவர்களுக்கு. இருப்பதிலேயே நல்லதாகத் தெரியும் மூவை ஒன்றாம் நம்பர் ப்ராசஸர் ஆராயும்வரை மற்ற மூன்றும் காத்திருக்கும். பிறகு மிச்சத்தை நாலும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று கண்டதைப் பொது நினைவில் எழுதிவைக்கும், மற்றவை படித்துக்கொள்ளும்; பார்த்ததையே திரும்பப் பார்க்கிற வேலை மிச்சம். யார் முந்தி எழுதுவது என்பது மட்டும் நாளுக்கு நாள் மாறும். அதனால் ஒரே கேள்விக்குத் திங்கட்கிழமை ஒரு பதில், செவ்வாய்க்கிழமை இன்னொரு பதில். காரணம் தெரிந்த ஜெயவேலுவுக்கே அது உதறலாக இருந்தது. பூட்டிய அறைக்குள் நாலு பேர் கிசுகிசுத்து முடிவெடுக்கிற மாதிரி இருக்கும். ஆனால் அண்ணனுக்கு வழி இல்லை என்பதில் மட்டும் நாலும் ஒரே பேச்சு.

சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை. நாலாம் நம்பர் மக்கர் செய்கிறதென்று அதன் கார்டைக் கழற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, வராந்தா அலமாரியில் வைத்துப் பூட்டினான். மற்ற மூன்றையும் ஓடவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வந்தபோது பிரிண்டர் அடித்துக்கொண்டிருந்தது. முதல் மூவில் யானையை வெட்டக் கொடுத்து, ஆறாவது மூவில் மேட். வழியைக் கண்டுபிடித்த ப்ராசஸரின் நம்பரும் வரியின் கடைசியில் அச்சாகும்படி அவனே எழுதியிருந்தான். அந்த இடத்தில் 4 என்று இருந்தது.

அலமாரியைத் திறந்தான். கார்டு உறைக்குள்ளேயே இருந்தது. தொட்டுப் பார்த்தால் சூடு. சித்திரை வெயிலில் எதுதான் சுடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். பலகையில் காய்களை அடுக்கி ஆடிப் பார்த்தான். எப்படித் திருப்பினாலும் அவன் ராஜா தப்பவில்லை. மறுபடி ஓடவிட்டான். மூன்றும் வழி இல்லை என்றன.

அன்று சாயங்காலம், எட்டு வருஷத்தில் முதல் முறையாக, அண்ணிக்கு எதிரே போய் உட்கார்ந்தான்.

“அண்ணி, அண்ணன் சாவணும்னு போவல. ஜெயிக்க வழி இருந்துச்சு. யானைய...”

“வெட்டக் குடுக்கணும்” என்றாள் கன்னியம்மா, முருங்கைக்கீரையை ஆய்ந்தபடியே.

ஜெயவேலு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

“அன்னிக்குப் படுக்கும்போது சொல்லிச் சொல்லி சிரிச்சாரு. யானைய குடுத்தா தம்பி ஆசையா வெட்டுவான், அப்பறம் அழுவான் பாருன்னு. தானா போற ஆளா அது? ஊர்ல சொன்னா, பொண்டாட்டி வேற இன்னா சொல்லுவாள்னாங்க.”

“என்கிட்ட ஏன் அண்ணி சொல்லல?”

“நீ என்னிக்கு என் மூஞ்சிய பாத்து ஒரு வார்த்த கேட்ட?”

எட்டு வருஷம். ஒரே வீடு, ஒரே அடுப்புச் சோறு. ஜெயவேலு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் அடங்கியதும் அவள் கேட்டாள்.

“அது எங்க ரெண்டு பேருக்குள்ள பேசினது. உனக்கு யாரு சொன்னா?”

கையோடு கொண்டுவந்திருந்த பிரிண்டர் தாளில், வரியின் கடைசியில் இருந்த 4 என்ற நம்பரை அவன் பார்த்தான்.

“அண்ணன்தான்.”

கன்னியம்மா கீரையை முறத்தில் வைத்தாள்.

“நல்லா கீறாரா?” என்று கேட்டாள்.