ஹாரனுக்குச் சிவப்பு

ராஜேந்திரன் மஞ்சள் காமாலையில் படுத்திருந்த மழைக்காலத்தில், அவருடைய பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிளின் வயர்களை எலி தின்றுவிட்டது. உடம்பு தேறி எழுந்ததும் முதலில் வண்டியைத்தான் உதைத்துப் பார்த்தார். அது இருமக்கூட இல்லை. அதன் பிறகு ஜீவனஹள்ளி வீட்டு வாசலை அவர் தாண்டவில்லை. பஸ்ஸில் போய்வரலாமே என்றால், "எங்க போறதுக்கு?" என்பார்.

தொண்ணூற்றெட்டாம் வருடம் அது. மனைவி இறந்த பின் வீட்டில் அவரும் மகள் ஷோபாவும்தான். ஷோபாவுக்குப் பொம்மசந்திராவில், வண்டிகளுக்கு வயரிங் கட்டும் கம்பெனியில் வேலை. ஆணி அடித்த பலகையில் வயர்களை வளைத்து இழுத்துக் கட்ட வேண்டும். ஹாரனுக்கு ஒரு நிறம், பிரேக் லைட்டுக்கு ஒரு நிறம். ஒன்று மாறினாலும் கட்டு திரும்பி வந்துவிடும்.

"நானே பாக்கறேன் நைனா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை டேங்கைக் கழற்றினாள்.

உள்ளே சிவப்பு பச்சையில் போய் முடிந்தது. பச்சை எங்கோ போய்க் கறுப்பானது. அவள் தன் கம்பெனி நிறங்களை நம்பி, எலி அறுத்த முனைகளைச் சேர்த்தாள். சாவியைத் திருப்பி ஹாரனை அழுத்தினாள். ஹெட்லைட் எரிந்தது.

எதிர்வீட்டு மைக்கேல்ராஜ் சைக்கிளை நிறுத்தினான். "ஹாரன் அடிக்கணும்னா இன்னா ஷோபா, பிரேக்க மிதிக்கணுமா?"

"உன் வேலையப் பாத்துக்கினு போ."

ராஜேந்திரன் எழுந்து வந்தார். "செவப்புதாம்மா ஹாரன். அல்சூர் ஏரிகிட்ட அறுந்துச்சு. பின்னாடி பொட்டி இருக்குது. பக்கத்துல கல்யாண வீடு, சீரியல் லைட்டுக்காரன்கிட்ட கேட்டேன். செவப்புதான் குடுத்தான்."

பெட்டி என்பது பிலிம் பெட்டி. ஒரே பிரதியை இரண்டு தியேட்டர்களில் ஓட்டிய காலத்தில், இங்கே முடிந்த சுருளை அங்கே கொண்டு சேர்ப்பது அவர் வேலை. வழியில் வண்டி நின்றால் அங்கே திரை வெளுத்துவிடும், ஜனம் நாற்காலியைக் கிழிக்கும். கையில் அகப்பட்ட வயரை முறுக்கிவிட்டு ஓட வேண்டியதுதான். நிறம் பார்க்க முடியுமா?

ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுச் சொன்னார். கறுப்பு, டீக்கடை ரேடியோவினுடையது. மஞ்சள் போட்ட அன்று மழை, "உங்கம்மா பின்னாடி உக்காந்துக்கினு, இந்தச் சனியனக் கட்டிக்கிறதுக்கு என்னை ஏன் கட்டினேன்னு கேட்டா."

ஷோபா சிரித்தாள். ஆனால் விரல் பட்ட இடமெல்லாம் வயரின் தோல் உதிர்ந்தது.

"எல்லாம் மாத்தணும் நைனா. டேங்குக்கு அடியில பொறி வந்தா பத்திக்கும்."

"உன் கம்பெனி கலர் போடுவியா?"

"ஆமா."

"வழியில நின்னுட்டா?"

"மெக்கானிக் பாப்பான்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அவனே ஓட்டட்டும். மைக்கேலு, பழைய இரும்புக்காரன அடுத்த வாரம் வரச் சொல்லு."

கோபமில்லாமல் சொன்னார். அதுதான் அவளுக்கு உறைத்தது. வண்டி அவர் பெயரில் இருந்தது. ஆனால் கெட்டுப்போனால் எங்கே கைவைப்பது என்று தெரிந்திருந்த வரைக்கும்தான் அது அவருடையது. அதைப் பிடுங்கிக்கொண்டு வண்டியை மட்டும் திருப்பிக் கொடுக்கலாம் என்று அவள் நினைத்திருந்தாள்.

அந்த வாரம் ஜே.சி. ரோட்டில் புது வயர் வாங்கினாள். வீட்டில் ஒரு பலகையில் ஆணி அடித்து, அவர் சொன்ன அதே தப்பு நிறங்களில் புதிதாகக் கட்டினாள். கை தானாகச் சரியான வயருக்குப் போனது. ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. செய்வது புத்திசாலித்தனம் இல்லை, நாளைக்கு இதைப் பிரிக்கிற எவனும் சபிப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை, அவள் அதை வண்டியில் பொருத்தி முடித்ததும், அவர் குனிந்து முன்னாலிருந்து பின்னால்வரை விரலால் தடவிக்கொண்டே போனார். பின்விளக்கருகே விரல் நின்றது.

"இத யார் போட்டது?"

அங்கே மட்டும் கை ஜெயித்திருந்தது. "பிரேக் லைட்டுக்கு அதான் கரெக்ட்டு நைனா."

"எனக்கு வெள்ளை."

ஷோபா கட்டரை எடுத்தாள். மாற்றி முடித்ததும் அவர் உதைத்தார். வண்டி புகைவிட்டுக் கிளம்பியது.

"சோத்துக்குக் காத்துக்கினு இருக்காத" என்று சொல்லிவிட்டு, காக்ஸ் டவுன் பக்கம் திரும்பினார்.